மார்போடு கட்டிய கை

எனக்கு மாரடைப்பு வந்ததைக் கேள்விப்பட்டுப் பார்க்க வந்தவர்களில் முக்கால்வாசிப் பேர் என் முகத்தைப் பார்க்கவில்லை. இடது கையைத்தான் பார்த்தார்கள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, போர்வைக்கு வெளியே கிடந்த அந்தக் கையை, கடித்துவிட்டு ஒன்றும் தெரியாததுபோல் படுத்திருக்கும் நாயைப் பார்ப்பது மாதிரி பார்த்தார்கள். இதில்தான் ஆரம்பித்ததா என்று கேட்டார்கள். ஆமாம் ஆமாம் என்று சொல்லிச் சொல்லி எனக்கே அந்தக் கையின் மேல் ஒரு சந்தேகம் வந்துவிட்டது. அந்தச் சந்தேகத்தால் நான் பட்ட பாட்டைத்தான் எழுதுகிறேன். மாரடைப்பால் பட்டது அதில் பாதிகூட இருக்காது.

என் பெயர் ஞானசேகர். ஜி.எஸ்.டி. ரோட்டில் குரோம்பேட்டை தாண்டி ஒரு மோட்டார் உதிரிபாகக் கம்பெனியில் டெலிபோன் ஆபரேட்டர். வீடு கிழக்குத் தாம்பரத்தில், சேலையூரைத் தாண்டி, அப்போதுதான் மனை பிரித்திருந்த ஓர் இடத்தில். சின்ன வயதில் இளம்பிள்ளை வாதம் வந்து இடது கால் சூம்பிவிட்டது. அந்தக் காலை ஊன்றினால் முழங்கால் மடங்கிவிடும் என்பதால், இடது உள்ளங்கையால் தொடையை அழுத்திப் பிடித்துக்கொண்டுதான் ஒவ்வோர் அடியும் வைப்பேன். பார்க்கிறவர்களுக்கு நான் வழியெல்லாம் யாருக்கோ குனிந்து வணக்கம் சொல்லிக்கொண்டு போவதாகத் தோன்றும். ஆக, இடது கைதான் எனக்குப் பாதி கால். எங்கள் வீட்டில் எல்லோருக்கும் இது தெரியும். தெரிந்தும் அந்த நாட்களில் ஒருவருக்கும், எனக்கும்தான், இது ஞாபகம் வரவில்லை.

கம்பெனியில் எனக்குக் கொடுத்திருந்தது பழைய மாதிரி போர்டு. ஒவ்வொரு இலாகாவுக்கும் ஒரு துளை, அதன்மேல் சின்னத் தகட்டுக் கதவு. போன் கால் வந்தால் கதவு 'டக்' என்று விழும். கயிற்றை இழுத்து இந்தத் துளைக்கும் அந்தத் துளைக்கும் செருகினால் இரண்டு பேர் பேசிக்கொள்ளலாம். கம்பெனியின் அத்தனை எக்ஸ்டென்ஷன் நம்பர்களும், அடிக்கடி பேசும் வெளியூர் டீலர்களின் நம்பர்களும் எனக்கு மனப்பாடம். டைரக்டரியைப் புரட்டுவது கௌரவக் குறைவு என்று நினைக்கிற ஆள் நான். ஒருவர் ஹலோ சொன்ன மாத்திரத்தில் அவர் யார், வீட்டில் சண்டை போட்டுவிட்டு வந்திருக்கிறாரா, சாப்பிட்டாரா என்பது வரை சொல்லிவிடுவேன். மற்றபடி உடம்புக்கு ஒரு வேலையும் கிடையாது. காலையில் நாற்காலியில் உட்கார்ந்தால் சாயங்காலம்தான் எழுந்திருப்பது. டீயும் வடையும் உட்கார்ந்த இடத்துக்கே வரும். காலைச் சாக்கு வைத்து வீட்டிலும் யாரும் என்னை ஒரு துரும்பைக்கூட எடுத்துப்போட விட்டதில்லை. நாற்பத்தைந்து வயதில் தொப்பையும் மூச்சிரைப்பும் வந்தபோது, காலால்தான் இப்படி என்று காலின் மேலேயே பழியைப் போட்டேன்.

போர்டில் உட்கார்ந்திருக்கும்போதுதான் அது வந்தது. இடது முழங்கையிலிருந்து சுண்டுவிரல் வரைக்கும் ஒரு கடுப்பு. கயிற்றை இழுத்த இழுப்பில் சுளுக்கிக்கொண்டது என்று நினைத்து உதறிவிட்டேன். பிறகு நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்தார்கள். சட்டை தொப்பலாக நனைந்தது. போர்டில் வரிசையாகக் கதவுகள் விழுந்துகொண்டிருந்தது கேட்டது. எடுக்க வேண்டும் என்று நினைத்தேன், எடுக்கவில்லை. கம்பெனி வேனில் தாம்பரத்துக்குக் கொண்டுவந்து ஒரு நர்சிங் ஹோமில் சேர்த்தார்கள்.

அங்கே பார்த்த டாக்டர் ஒரு பெண்மணி. நிதானமானவர். இதயம் ஊருக்கெல்லாம் ரத்தம் அனுப்பினாலும் அதற்கும் தனியாக ரத்தம் வேண்டும், அதைக் கொண்டுவரும் குழாய்களில் ஒன்று அடைத்துக்கொண்டது, அடைத்த இடத்தில் சதை கொஞ்சம் செத்துவிட்டது, மிச்சம் நன்றாக இருக்கிறது என்று சொன்னார். மிச்சம் நன்றாக இருக்கிறது என்பது என் காதில் விழவே இல்லை. செத்துவிட்டது என்பது மட்டும் விழுந்தது. மார்பில் ஒயர்களை ஒட்டித் தலைமாட்டில் ஒரு பெட்டியை வைத்தார்கள். ஒவ்வொரு துடிப்புக்கும் அது ஒரு சத்தம் போடும். எனக்குக் காதுதான் தொழில். ஒரு சத்தத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருப்பேன். அடுத்தது வந்ததும் அதற்கடுத்ததற்கு. இப்படியே இருந்தால் தூக்கம் எங்கிருந்து வரும்?

என் மனைவி எஸ்தர் நர்சரி பள்ளியில் டீச்சர். லீவு போட்டுவிட்டு வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அவள் தம்பி தாஸ் பள்ளிக்கரணையில் வெல்டிங் பட்டறை வைத்திருப்பவன். ஆஸ்பத்திரி பில்லை என் கண்ணில் காட்டாமலே கட்டினான். நான் கேட்டபோது, அதெல்லாம் படிக்கிற மாதிரி எழுத்து இல்லை மச்சான் என்று சொல்லிவிட்டான்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சொன்னது இவ்வளவுதான். சில வாரங்களுக்கு நல்ல ஓய்வு. கனமான பொருள்களைத் தூக்க வேண்டாம், அதிலும் இடது கையை உயர்த்தி எதையும் எடுக்க வேண்டாம். பிறகு மெல்ல மெல்ல எல்லாம் செய்யலாம். இந்தப் 'பிறகு' நர்சிங் ஹோமிலிருந்து எங்கள் வீட்டுக்கு வருவதற்குள் வழியில் எங்கோ விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்து சேர்ந்தது, இடது கையை அசைக்கக் கூடாது என்பது மட்டும்தான். அடுத்த நாளே சர்ச்சிலிருந்து ஜெபக் குழுவினர் வந்தார்கள். கையிலிருந்துதானே நெஞ்சுக்கு ஏறியது, மறுபடி கையை ஆட்டினால் மறுபடி ஏறாதா என்று அதில் ஓர் அக்கா கேட்டார். கூட இருந்தவர்கள் எல்லோரும் தலையாட்டினார்கள். நானும் ஆட்டினேன். படித்தவன், பத்திரிகை வாசிக்கிறவன், ஒயரில் கரண்ட் போவது போல வியாதி கையிலிருந்து நெஞ்சுக்குப் போகும் என்று நம்பினேன்.

தூக்கத்தில் கை அசைந்துவிட்டால் என்ன செய்வது என்பதுதான் அடுத்த கவலை. எஸ்தர் பழைய வேட்டி ஒன்றை நீளவாக்கில் கிழித்து, கையை மடக்கி மார்போடு சேர்த்துக் கட்டினாள். முதலில் ராத்திரிக்கு மட்டும். பிறகு பகலிலும். அவளைச் சொல்லிக் குற்றமில்லை. முடிச்சு தளர்ந்தால் இறுக்கிக் கட்டு என்று கேட்டது நான்தான். கட்டு இருந்தால் உயிரைப் பத்திரமாக முடிந்து வைத்த மாதிரி ஒரு நிம்மதி.

கை கட்டுண்ட பிறகு நடை ஏது? எஸ்தர் என் அக்குளில் தோளைக் கொடுத்துத் தூக்கி நிறுத்துவாள். தாஸ் தினமும் வேலைக்குப் போகும் முன் பள்ளிக்கரணையிலிருந்து சைக்கிள் மிதித்து வந்து, என்னை முதுகில் சுமந்து கொல்லைப்புறம் கொண்டுபோய்க் கொண்டுவருவான். எஸ்தர் ஊட்டிவிட்டாள், தலை வாரிவிட்டாள், முகம் துடைத்துவிட்டாள். வலது கைக்கு என்ன கேடு என்று நீங்கள் கேட்கலாம். வலது கையை அசைத்தால் இடது தோளும் அசைகிறதே என்று நான் கண்டுபிடித்திருந்தேன். அவ்வளவு அன்பையும் வாங்கிக்கொண்டு ஒரு மூட்டை மாதிரி கிடந்தேன்.

உடம்பு மூட்டையானது போதாது என்று மூளையும் ஆயிற்று. முதலில் நான் அதைக் கவனிக்கவில்லை. பகலும் ராத்திரியும் ஒன்றாகிவிட்டது. ரேடியோவில் செய்தி கேட்பேன், முடிந்ததும் என்ன சொன்னார்கள் என்று தெரியாது. எஸ்தர் ஒருமுறை கேட்டதற்கே இரண்டு முறை பதில் சொல்வேன். ஒருநாள் கம்பெனியிலிருந்து ஸ்டோர்ஸ் கீப்பர் வந்திருந்தார். பல வருஷமாக என் லைனில் பேசியவர். என்னைச் சிரிக்க வைக்கலாம் என்று, ஆபரேட்டர் சார், என் நம்பரைப் போடுங்க பார்ப்போம் என்றார். வாயைத் திறந்தேன். நம்பர் வரவில்லை. மானேஜர் நம்பர் வரவில்லை. கேட் நம்பர் வரவில்லை. போர்டே கண்முன் நின்றது, ஆனால் ஒரு துளைக்குமேலும் எழுத்து இல்லை. எஸ்தர் காபி ஆறுகிறது என்று பேச்சை மாற்றினாள். அவர் போன பிறகு சுவர்ப் பக்கம் திரும்பி அழுதேன். செத்துப்போவேன் என்ற பயம் ஒருபுறம். பிழைத்தாலும் நான் நானாக இருக்க மாட்டேனோ என்ற பயம் அன்றைக்குத்தான் சேர்ந்துகொண்டது. தாற்காலிகமாக ஒரு பெண்ணை என் போர்டில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்பதையும் அவர் தெரியாத்தனமாகச் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

இரண்டாவது தடவை வலி வந்தது ஒரு ஞாயிற்றுக்கிழமை. எஸ்தர் குளிப்பாட்டுவதற்காகக் கட்டை அவிழ்த்துக் கையை விலக்கினாள். தோளிலிருந்து விரல் நுனிவரை ஒரு மின்னல். நான் போட்ட கூச்சலில் அவள் சொம்பைக் கீழே போட்டுவிட்டாள். வந்துவிட்டது, இதுதான் கடைசி என்று முடிவு செய்துவிட்டேன். நெஞ்சு வலித்தால் வைக்கச் சொல்லி டாக்டர் கொடுத்திருந்த மாத்திரையை நாக்குக்கடியில் வைத்துக்கொண்டு, தெருமுனையில் கிடைத்த ஆட்டோவில் நர்சிங் ஹோமுக்குப் போனோம். வெளியே பெஞ்சில் இருமிக்கொண்டும் முனகிக்கொண்டும் இருந்தவர்கள் ஒதுங்கி எனக்கு இடம் விட்டார்கள். அவர்கள் ஒதுங்கிய விதத்திலிருந்தே என் நிலைமை மோசம் என்று தெரிந்துகொண்டேன்.

இ.சி.ஜி. எடுத்தார்கள். மார்பிலும் கை கால்களிலும் தகடுகளை வைத்து இதயத்தின் ஓட்டத்தைக் காகிதத்தில் கோடாகப் போடுகிற சோதனை அது. டாக்டர் அந்தக் காகிதத்தைப் பார்ப்பதை நான் பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் எடுத்தார். பிறகு காகிதத்தைக் கீழே வைத்துவிட்டு என் கையைத் தொட்டார். மெல்லத் தூக்கினார். தோள் உயரத்துக்குப் பாதிகூட வரவில்லை, நான் கத்தினேன். தோலில் வேட்டிக் கட்டின் தடம் பதிந்திருந்தது. இது என்ன என்று கேட்டார். எஸ்தர் சொன்னாள். அவர் எங்கள் இருவரையும் மாறிமாறிப் பார்த்தார்.

"ஹார்ட்டுக்கு ஒண்ணும் ஆகல, மிஸ்டர் ஞானசேகர். தோள்தான் பூட்டிக்கிச்சு. அசைக்காம வச்சா பூட்டிக்காம என்ன செய்யும்?"

தோள் மூட்டைச் சுற்றி உறை மாதிரி ஒரு சவ்வு இருக்குமாம். அசைவே இல்லாமல் போனால் அது சுருங்கி ஒட்டிக்கொள்ளுமாம். மாரடைப்பு வந்த பலருக்கும் இப்படி ஆகிறது, பயத்தில் அந்தக் கையைப் பாதுகாத்துப் பாதுகாத்து முடக்கிவிடுகிறார்கள் என்றார். அப்படியானால் வலி வந்தால் தோளா இதயமா என்று நான் எப்படித் தெரிந்துகொள்வது? என் வாழ்க்கையிலேயே முக்கியமான கேள்வி அதுதான் என்று அப்போது எனக்குத் தோன்றியது.

"கையை அசைக்கிறப்ப வலி கூடினா, குறைஞ்சா, பெரும்பாலும் தோள். எப்படி வச்சாலும் ஒரே மாதிரி இருந்து, நெஞ்சு அழுத்தி, வேர்த்துக் கொட்டினா யோசிக்காம வாங்க. ரெண்டும் புரியலைன்னாலும் வாங்க. நான் திட்ட மாட்டேன்."

அன்று அவர் சொன்னதில் இன்னொன்றுதான் என்னைக் கதிகலங்க வைத்தது. இனி இந்தக் கையை முடக்கி வைக்கக் கூடாது, இரண்டு கைகளுக்கும் ஒழுங்காகப் பயிற்சி வேண்டும் என்றார். மற்றவர்களை நடக்கச் சொல்வோம், உங்களுக்கு அது முடியாது, அதனால் உங்கள் இதயத்துக்கு வேலை கொடுக்க இருக்கிற வழி கைகள்தான். அதற்குமுன் இதயம் எவ்வளவு தாங்கும் என்று பார்க்க வேண்டும் என்று சொல்லிப் பட்டணத்தில் ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு எழுதிக் கொடுத்தார்.

அந்தச் சோதனைக்குப் போன நாளை நினைத்தால் இப்போதும் உள்ளங்கை வேர்க்கிறது. கால் நன்றாக இருக்கிறவர்களை ஓடுகிற பட்டையின் மேல் நடக்க வைத்து இ.சி.ஜி. எடுப்பார்கள். என்னை ஒரு மேஜைக்கு முன்னால் உட்கார வைத்தார்கள். மேஜைமேல் சைக்கிள் பெடல் இரண்டு, பிடித்துக்கொள்ள மரக் கைப்பிடியோடு. இதைக் கையால் சுற்ற வேண்டும். கொஞ்ச நேரத்துக்கு ஒருமுறை இறுக்கத்தைக் கூட்டுவார்கள். மூலையில் ஒரு வண்டியில் ஊசிகளும் ஷாக் கொடுக்கிற பெட்டியும் தயாராக இருந்தன. எதற்கு அது என்று கேட்டேன். சும்மா ஒரு ஜாக்கிரதைக்குத்தான் என்றார் அங்கிருந்த டெக்னீஷியன். அந்தச் சும்மாவைக் கேட்டு என் நாடி எகிறியதை அவருடைய இயந்திரமே எழுதிக் காட்டியது.

சுற்றினேன். இடது கை பாதி வட்டத்தில் நின்று நின்று வந்தது. வலது கைதான் அதையும் இழுத்துக்கொண்டு போயிற்று. ஒவ்வொரு சுற்றிலும், இதோ இந்தச் சுற்றில்தான் என்று எதிர்பார்த்தேன். மூச்சு வாங்கியது. கதவின் கண்ணாடி வழியாக எஸ்தரின் முகம் தெரிந்தது, அவள் உதடு ஜெபத்தில் அசைந்துகொண்டிருந்தது. போதும் என்று அவர்கள் சொன்னபோது நான் உயிரோடு இருந்தேன். அதைவிட, அந்தச் சோதனை முழுவதும் மார்பில் வலியே வரவில்லை என்பதை ரயிலில் தாம்பரம் திரும்பும்போதுதான் உணர்ந்தேன். உடனே, நாளைக்கு வருமோ என்று நினைத்தேன். என் புத்தி அப்படி.

ரிசல்ட் பார்த்த டாக்டர், மெதுவான பயிற்சியை இதயம் தாங்கும், தினமும் கையால் பெடல் சுற்றுங்கள் என்று சொல்லிவிட்டார். ஆஸ்பத்திரி மேஜை மாதிரி வீட்டில் ஏது? தாஸ்தான் எங்கள் கொட்டகையில் விறகுக்குப் பின்னால் கிடந்த மூன்று சக்கர வண்டியை இழுத்துப் போட்டான். ஊனமுற்றோருக்கு என்று எப்போதோ ஒரு விழாவில் மாலை போட்டுக் கொடுத்தது. மார்புக்கு எதிரே இரண்டு கைப்பிடி. சுற்றினால் செயின் முன்சக்கரத்தை ஓட்டும். போட்டோவுக்காக அன்று ஒருமுறை அதில் உட்கார்ந்ததோடு சரி. குனிந்து குனிந்தாவது சொந்தக் காலில் நடக்கிறவன் என்ற வீம்பு எனக்கு. அதில் ஏறினால் ரோட்டில் போகிறவன் சில்லறை போட்டுவிடுவான் என்று சொல்லிக் கொட்டகையில் தள்ளியிருந்தேன்.

தாஸ் துருவைத் தேய்த்து, எண்ணெய் விட்டு, முன்சக்கரம் தரையைத் தொடாதபடி செங்கல் அடுக்கி நிறுத்தினான். "மச்சான், எங்கயும் போகப் போறதில்ல. இங்கயே உக்காந்துகினு ஊர் சுத்துங்க," என்றான்.

ஆரம்பத்தில் எஸ்தர் எதிரே முக்காலியில் மாத்திரை டப்பாவைத் திறந்து பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். நான் ஒரு சுற்று சுற்றுவேன், நிறுத்தி நாடியைப் பிடித்துப் பார்ப்பேன், அவள் முகத்தைப் பார்ப்பேன், மறுபடி ஒரு சுற்று. தோளுக்குத் தனியாக, சுவர் ஓரம் நின்று விரல்களால் சுவரில் பூச்சி ஊர்வது மாதிரி மேலே ஏற வேண்டும். எட்டிய இடத்தில் எஸ்தர் கரித்துண்டால் கோடு போடுவாள். கண்ணில் தண்ணீர் வரும். வலித்தாலும் கை அசைய அசைய வலி இடம் மாறியது. அதனால் அது தோள். டாக்டர் சொன்னதை மந்திரம் மாதிரி சொல்லிக்கொள்வேன். சொல்லிக்கொண்டே இருந்தாலும், ராத்திரி படுக்கும்போது வேட்டித் துண்டு எங்கே இருக்கிறது என்று கை தேடும்.

நாடியைப் பார்ப்பதிலிருந்து மனசை மாற்றத்தான் சுற்றும்போது எக்ஸ்டென்ஷன் நம்பர்களைச் சொல்ல ஆரம்பித்தேன். முதலில் ஒன்றிரண்டு வந்தது. அது தப்பா சரியா என்றுகூடத் தெரியவில்லை. சுற்றச் சுற்ற, மூச்சு ஒரு தாளத்துக்கு வரும்போது, ஒரு நம்பர் இன்னொரு நம்பரை இழுத்துக்கொண்டு வந்தது. ஒருநாள் ஸ்டோர்ஸ் வந்தது. அடுத்த வாரம் கேட், கான்டீன், பெயின்ட் ஷாப். ராத்திரி தூக்கம் வர ஆரம்பித்தது. செய்தி கேட்டால் என்ன செய்தி என்று எஸ்தருக்குத் திருப்பிச் சொன்னேன். அவள் அந்தச் செய்தியை ஏற்கெனவே கேட்டிருந்தும் கேட்காத மாதிரி கேட்டாள். மூளை கெட்டுப்போகவில்லை, தூங்கிக்கொண்டிருந்தது என்றார் டாக்டர். உடம்பு வேலை செய்தால் மூளைக்கும் நல்ல ரத்தம் போகும், நல்ல தூக்கம் வரும், பயமும் கொஞ்சம் விலகி நிற்கும் என்றார். கையைத் தொடையில் ஊன்றி நான் நாலடி நடந்து காட்டியதும், வேலைக்குத் திரும்ப ஃபிட்னஸ் சர்டிபிகேட் அடுத்த மாதம் பார்க்கலாம் என்று சொன்னார். அதுவரை வண்டியைச் செங்கல்மேல் மட்டும்தான் ஓட்ட வேண்டும், ரோட்டில் ஆளின் பாரமும் மேடும் சேர்ந்து இழுக்கும், அதற்கு இன்னும் நாள் ஆகும் என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். சொல்லாவிட்டாலும் நான் ரோட்டுக்குப் போகிற ஆளா என்ன?

அன்றைக்கு பந்த். பஸ் இல்லை, ஆட்டோ இல்லை, கடை இல்லை. எஸ்தருக்குப் பள்ளி விடுமுறை. காலையில் வழக்கம்போல நான் வண்டியில் உட்கார்ந்து சுற்றிக்கொண்டிருந்தேன். அவள் சமையலறையிலிருந்து, டீ போடவா என்று கேட்டாள். கேட்டது அதுதான். ஆனால் அந்தக் குரலின் அடியில் காற்று இல்லை. இத்தனை வருஷம் குரல்களோடு பிழைத்தவனுக்கு அது தெரியும். சுற்றுவதை நிறுத்தி, இங்கே வா என்றேன்.

வந்தாள். இடது மேல்கையை வலது கையால் பிடித்திருந்தாள். என்ன என்று கேட்டேன். ஒன்றுமில்லை, உங்களைத் தூக்கித் தூக்கி இந்தக் கை கொஞ்ச நாளாகவே இப்படித்தான் இருக்கிறது, தைலம் தேய்த்தால் சரியாகிவிடும் என்றாள். நெற்றியில் வேர்வை முத்து முத்தாக நின்றது. அடுப்பு இன்னும் பற்ற வைக்கவில்லை.

"கையைத் தூக்கு எஸ்தர்."

தூக்கினாள். காது வரைக்கும் லேசாகப் போயிற்று. வலி கூடுகிறதா என்று கேட்டேன். இல்லை, அப்படியேதான் இருக்கிறது என்றாள். இறக்கச் சொன்னேன். குறைகிறதா? அப்படியேதான் இருக்கிறது. மாதக்கணக்காக எனக்கு வருமோ வருமோ என்று நான் காத்துக்கொண்டிருந்த பதில் அவள் வாயிலிருந்து வந்தது. என் மாத்திரையை எடுத்துக் கொடுத்துவிடலாமா என்று ஒரு கணம் நினைத்தேன். ஒருவருடைய மாத்திரை இன்னொருவருக்கு ஆபத்தாகலாம் என்று டாக்டர் சொல்லியிருந்ததால் வைத்துவிட்டேன்.

ஊரையெல்லாம் இணைத்துக் கொடுத்தவன் வீட்டில் போன் கிடையாது. எங்கள் மனைப் பிரிவில் அப்போது நாலைந்து வீடுகள்தான், யாரிடமும் சைக்கிளுக்கு மேல் வண்டி இல்லை. கூப்பிட்ட குரலுக்குப் பக்கத்து வீட்டு மணி சார் ஓடிவந்தார். சைக்கிள் கேரியரில் உட்கார வைக்கப் பார்த்தோம், எஸ்தருக்குத் தலை சுற்றி ஒரு பக்கமாகச் சாய்ந்தாள். இந்தச் செங்கல்லைத் தள்ளுங்க சார் என்றேன். அவர் செங்கல்லை உதைத்துத் தள்ளினார். முன்சக்கரம் 'தொப்' என்று தரையில் விழுந்தது. எனக்குப் பின்னால் சாமான் வைக்கிற பலகையில் எஸ்தரை உட்கார வைத்து, அவள் முதுகை என் முதுகோடு சாய்த்து, துண்டால் சுற்றிக் கட்டினார். ஆஸ்பத்திரியில் சொல்லிவைக்கிறேன் என்று சைக்கிளில் முன்னால் பறந்தார்.

செங்கல்மேல் சுற்றுவது வேறு, மண் ரோட்டில் சுற்றுவது வேறு. முதல் சுற்றுக்கே தோள் கழன்று விழுவது போல இருந்தது. வண்டி நகர்ந்தது. எஸ்தர், ஏதாவது பேசு என்றேன். என்ன பேச என்றாள். எதையாவது, எனக்கு உன் குரல் கேட்க வேண்டும் என்றேன். அவள் நர்சரிப் பிள்ளைகளின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தாள். தார் ரோடு வந்தது. ஒரு பெயருக்கும் அடுத்த பெயருக்கும் நடுவில் இடைவெளி நீளும்போதெல்லாம், அப்புறம், அப்புறம் என்று கத்தினேன். ரோடு காலியாகக் கிடந்தது. கர்த்தாவே இவளை எடுத்துவிடாதே என்பதைத் தவிர எனக்குள் வேறு நினைப்பே இல்லை.

கேம்ப் ரோடு முனையில் கல்லை அடுக்கி மறியல் செய்துகொண்டிருந்தார்கள். கொடி பிடித்த ஒருவன் கையை நீட்டிக் குறுக்கே வந்தான். இன்னைக்கு எந்த வண்டியும் போகக் கூடாது என்று தெரியாதா என்று கேட்டான். எனக்குப் பதில் சொல்ல மூச்சு இல்லை. சுற்றிக்கொண்டே இருந்தேன். பின்னாலிருந்த இன்னொருவன்தான் எட்டிப் பார்த்தான்.

"டேய், கொடியத் தூக்கிப் போடு. அந்தம்மா மயங்கிக்கினு கீது பாரு. நீ நிறுத்தாத சார், சுத்திகினே இரு, நாங்க தள்றோம்."

கல்லைப் புரட்டி வழி விட்டார்கள். மூன்று நான்கு பேர் பின்னால் கை வைத்துத் தள்ளிக்கொண்டு ஓடிவந்தார்கள். எஸ்தர் பெயர் சொல்வதை நிறுத்தியிருந்தாள். அப்புறம் எஸ்தர், அப்புறம் என்று நான் கத்தக் கத்த, தள்ளியவர்களில் ஒருவன், மூச்சு கீது சார், மூச்சு கீது என்று எனக்குச் சொல்லிக்கொண்டே வந்தான். நர்சிங் ஹோம் வாசலில் மணி சார் ஸ்ட்ரெச்சரோடு நின்றார்.

அவளை உள்ளே கொண்டுபோன பிறகு நான் வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இறங்கத் தெரியவில்லை. கைகள் கைப்பிடியை விட மறுத்தன. கொடிக்காரன்தான் என் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து, இடுப்பில் கை கொடுத்து இறக்கி, பெஞ்சில் உட்கார வைத்தான். நான் எப்போதும் உட்காரும் அதே பெஞ்ச். எஸ்தர் எனக்காக எத்தனையோ நாள் காத்திருந்ததும் அங்கேதான். காத்திருப்பது படுத்திருப்பதைவிடக் கஷ்டம் என்று அவள் ஒருமுறைகூட என்னிடம் சொன்னதில்லை.

மத்தியானத்துக்குப் பிறகு டாக்டர் வெளியே வந்தார். மாரடைப்புதான், ஆனால் நேரத்தோடு வந்ததால் பெரிய சேதம் இல்லை, இன்னும் சில நாள் கவனமாகப் பார்க்க வேண்டும் என்றார். வண்டியைப் பற்றி மணி சார் சொல்லியிருக்க வேண்டும். என்னை மேலும் கீழும் பார்த்தார், திட்டவில்லை. உள்ளே போய்ப் பாருங்கள் என்று மட்டும் சொன்னார்.

கையைத் தொடையில் ஊன்றி ஓர் அடி ஓர் அடியாக வார்டுக்குள் போனேன். எஸ்தர் ஒயர்களுக்கு நடுவில் படுத்திருந்தாள். தலைமாட்டுப் பெட்டி சத்தம் போட்டுக்கொண்டிருந்தது. முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது. நான் வந்த சத்தம் கேட்டுக் கண்ணைத் திறந்தாள். உதடு அசைந்தது. குனிந்து காதைக் கொடுத்தேன்.

"அவ்வளவு தூரம் சுத்தினீங்களே," என்றாள். "உங்களுக்கு நெஞ்சு வலிக்கலையா?"

எனக்கு நெஞ்சு என்று ஒன்று இருப்பதே அப்போதுதான் ஞாபகம் வந்தது.